ஸ்கிராபிள்: எப்போதும் அதிகப் புள்ளி மூவ்தான் போடுகிறேன், ஆனாலும் தோல்வி. எங்கே இடிக்கிறது?

புதுக்கட்டம் எழுதியது:

வணக்கம். ஆங்கில ஸ்கிராபிளைப் போட்டி அளவில் ஆடுபவர்களுக்கு ஒரு கேள்வி. இரண்டெழுத்து வார்த்தைகள் மனப்பாடம், மூன்றெழுத்தில் பெரும்பகுதி தெரியும். ரேக்கில் (கையில் உள்ள ஏழு டைல்) பிங்கோ, அதாவது ஏழு டைலையும் ஒரே மூவில் இறக்கி 50 போனஸ் வாங்கும் வார்த்தை, இருந்தால் பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும். ஒவ்வொரு முறையும் போர்டில் கிடைப்பதிலேயே அதிகப் புள்ளி தரும் மூவைப் போடுகிறேன். அப்படியும் என்னைவிட வார்த்தை குறைவாகத் தெரிந்தவர்கள் 30, 40 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கிறார்கள். "ரேக்கையும் பார், போர்டையும் பார்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதை எண்ணாக மாற்றுவது எப்படி என்பதுதான் பிடிபடவில்லை.

நான்கு சந்தேகம்:

1. ஆட்டத்தின் முதல் மூவ் என்னுடையது. ரேக்கில் ரெட்டினா என்ற வார்த்தையின் ஆறு எழுத்தும் (ஆர், ஈ, டி, ஐ, என், ஏ) கூடவே ஒரு ஒய்யும். ஏழெழுத்து எதுவும் இல்லை. ஆர்-ஏ-ஐ-என்-ஒய், அதாவது ரெய்னி போட்டால் 24. ஒய்யை மட்டும் எக்ஸ்சேஞ்ச் செய்தால் (இந்த முறையை விட்டுக்கொடுத்துப் பையில் வேறு டைல் மாற்றினால்) அடுத்த முறை பிங்கோ கிட்டத்தட்ட உறுதி போலத் தெரிகிறது. எது சரி?

2. ப்ளாங்க் டைலை (எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்று டைல்) எத்தனை புள்ளிக்குச் செலவழிக்கலாம்?

3. 70 புள்ளி முன்னணி, பையில் இன்னும் 20 டைல். போர்டை மூட வேண்டும் என்கிறார்கள். மூடுவது என்றால் கையால் என்ன செய்வது?

4. கடைசிக் கட்டத்தில் க்யூ வந்து மாட்டிக்கொண்டால்?

மூன்றுமடங்கு எழுதியது:

முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், அதில் பாதி விஷயம் அடங்கிவிடும்.

ஒரு மூவின் உண்மையான விலை மூன்று எண்களைச் சேர்த்தது: இப்போது எழுதும் புள்ளி, ரேக்கில் மிஞ்சும் டைல்களின் மதிப்பு, எதிராளிக்குத் திறந்துவிடும் இடத்துக்கான கழிவு. நீங்கள் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறீர்கள். மற்ற இரண்டுக்கும் தோராயமாகவாவது ஒரு புள்ளி போட்டுப் பழகுங்கள்.

மிச்சத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: ப்ளாங்க் சுமார் 25. எஸ் 8 முதல் 10. இசட், எக்ஸ் இரண்டும் 3 முதல் 5. ஈ, ஆர், என், டி போன்ற சாதாரண நல்ல எழுத்துகள் தனியாக ஒன்றிரண்டு புள்ளிதான்; ஒன்றாகச் சேரும்போதுதான் கனம் கூடும். யூ, டபிள்யூ கழித்தல் 3 அளவில். வி கழித்தல் 5. க்யூ கழித்தல் 6 அல்லது 7. ஒரே எழுத்து இரண்டாக மிஞ்சினால் மேலும் 3, 4 கழியுங்கள். ஈ மட்டும் விதிவிலக்கு, இரண்டு இருந்தாலும் சமாளிக்கலாம். இரண்டு ஐ, இரண்டு யூ என்றால் அடுத்த மூவையே கெடுத்துவிடும்.

அடுத்தது உயிரெழுத்து, மெய்யெழுத்து விகிதம். 100 டைலில் உயிர் 42, மெய் 56, ப்ளாங்க் 2. அதனால் மிச்சத்தில் மெய் ஒன்று கூடுதலாக இருப்பது வசதி. மூன்று உயிர் மட்டும் மிஞ்சுவதும் நான்கு மெய் மட்டும் மிஞ்சுவதும் 4, 5 புள்ளி நஷ்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பாருங்கள். ஒரு மூவ் 32 புள்ளி, மிஞ்சுவது வி, யூ, யூ. இன்னொன்று 24, மிஞ்சுவது ஈ, ஆர், எஸ். முதலாவதில் மிச்சம் கழித்தல் 14 போல, இரண்டாவதில் கூட்டல் 12 போல. 18க்கு எதிராக 36. நீங்கள் இத்தனை நாள் 8 புள்ளி அதிகம் என்று 32ஐத்தான் எடுத்திருப்பீர்கள். ஒரு ஆட்டத்தில் இப்படி மூன்று முறை நடந்தால் போதும், நீங்கள் சொன்ன 30, 40 புள்ளி அங்கேயே போயிற்று. இந்தத் தோல்வி ஸ்கோர் ஷீட்டில் தெரியாது. "டைல் சரியாக வரவில்லை" என்றுதான் தோன்றும். வந்த டைல் நன்றாகத்தான் இருக்கும், ரேக்கில் தேங்கிக் கிடந்தது கெடுத்திருக்கும்.

சரி, ரெட்டினாவும் ஒய்யும். ஒய்யை ஒதுக்கி வைத்துவிட்டுப் பையிலிருந்து ஒரு டைல் எடுக்கிறீர்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாத டைல் 93. அவற்றில் ரெட்டினாவோடு சேர்ந்து ஏழெழுத்து தருபவை: சர்டன் (சி), ட்ரெயின்ட் (D), ட்ரெயினீ (ஈ), ஃபெயின்டர் (எஃப்), கிரானைட் (ஜி), ஹேர்நெட் (ஹெச்), இனர்ஷியா (ஐ), கெரட்டின் (கே), ரிலையன்ட் (எல்), மினரெட் (எம்), என்ட்ரெயின் (என்), பெயின்டர் (பி), டெரெயின் (ஆர்), ரீட்டெயின்ஸ் (எஸ்), நைட்ரேட் (இன்னொரு T), யூரினேட் (யூ), டானியர் (டபிள்யூ), பிறகு இரண்டு ப்ளாங்க். டைல்களாக எண்ணினால் குறைந்தது 68. 68/93, அதாவது 73 சதவீதம். பார்க்க அள்ளிக் கொடுப்பதுபோல இருக்கும்.

ஆனால் பிங்கோ கையில் இருந்தால் மட்டும் போதாது, போர்டில் இறங்க இடம் வேண்டும். எதிராளி முதல் மூவை வசதியில்லாமல் போட்டுவிட்டால் ஏழெழுத்து கையிலேயே கிடக்கும். இடம் கிடைக்கும் வாய்ப்பு 85 சதவீதம், பிங்கோவுக்கு 65 புள்ளி என்று வைத்தால் 0.73 × 0.85 × 65 = 40. மீதி 38 சதவீத நேரத்தில் 20 புள்ளி மூவ் என்றால் இன்னொரு 8. எக்ஸ்சேஞ்சுக்கு 0, அடுத்த முறைக்கு 48. இரண்டு முறைக்கும் சேர்த்து 48.

ரெய்னி போட்டால் இப்போதே 24. ஆட்டத்துக்கு 400 சுற்றி எடுப்பவர் 12, 13 முறை ஆடுகிறார் என்றால் சராசரியாக ஒரு முறைக்கு 32. இரண்டும் சேர்த்து 56. ஆக ரெய்னிதான், 8 புள்ளி மேலே. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் எல்லைக்கோடும் கிடைத்துவிடும்: கையில் உள்ள சிறந்த மூவ் 16க்குக் கீழே இருந்தால் எக்ஸ்சேஞ்ச் பரிசீலிக்கலாம். 85, 20 இரண்டும் என் ஊகம். உங்களுக்குச் சரியென்று படும் எண்ணைப் போட்டுப் பாருங்கள், எல்லைக்கோடு இரண்டு மூன்று புள்ளி நகரும், அவ்வளவுதான்.

அந்த ரேக்கில் 24 தரும் ஐந்தெழுத்து ரெய்னி ஒன்று மட்டும் இல்லை. டியரி, யெர்ன், என்ட்ரி மூன்றும் அதே 24. நடுக்கட்டத்திலிருந்து நான்கு கட்டம் தள்ளி இரண்டு பக்கமும் டபுள் லெட்டர் (எழுத்தின் புள்ளியை இரட்டிப்பாக்கும் கட்டம்) இருக்கிறது, ஒய்யை அதில் உட்கார வைத்தால் 4 எட்டாகி, நடுக்கட்டம் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கும்: (8 + 4) × 2. புள்ளி சமம் என்பதால் மற்ற இரண்டு எண்களைப் பார்க்கலாம். ரெய்னி விட்டுவைப்பது ஈ, டி. டியரி விடுவது ஐ, என். யெர்ன் விடுவது ஐ, டி. என்ட்ரி விடுவது ஏ, ஐ, இரண்டும் உயிர். மிச்சத்தில் ரெய்னி ஒரு படி மேல்.

திறந்துவிடும் இடம்: யெர்னுக்கு வலப்பக்கம் எஸ் ஒட்டும். என்ட்ரிக்கு முன்னால் எஸ் வைத்தால் சென்ட்ரி, ஜி வைத்தால் ஜென்ட்ரி. ரெய்னிக்குப் பின்னால் எதுவும் ஒட்டாது. முன்னால் பிரெய்னி, கிரெய்னி இரண்டு மட்டும். ஒரு குறை உண்டு. நடுக்கட்டத்தின் நான்கு மூலையிலும் டபுள் லெட்டர் இருக்கிறது. ரெய்னியை நடுக்கட்டத்தில் தொடங்கினால் இரண்டாம் எழுத்தான ஏயின் தலைக்கு மேலும் காலடியிலும் அந்தக் கட்டங்கள். எதிராளி எக்ஸை ஏயின் கீழே வைத்தால் ஏ-எக்ஸ் மட்டுமே 17, குறுக்கே போகும் வார்த்தையிலும் எக்ஸ் இன்னொரு முறை 16 தரும். ஹெச்சை மேலே வைத்தால் ஹெச்-ஏ 9, அதுவும் இரண்டு திசையில். இந்தப் பயத்துக்காக வார்த்தையை நகர்த்தி ஒய்யின் டபுள் லெட்டரை இழந்தால் உறுதியான 8 புள்ளி போய்விடும், அந்த உயிரெழுத்துக்கு 8 புள்ளி விலை கிடையாது. சமமான மூவ்களுக்கிடையே தேர்ந்தெடுக்கும்போது மட்டும் இதைப் பாருங்கள்.

கழிவை எண்ணாக்க இன்னொரு உதாரணம். நீங்கள் போடும் வார்த்தையின் நுனியில் எஸ் ஒட்டினால், வார்த்தையின் புள்ளியை மும்மடங்காக்கும் ட்ரிபிள் வேர்டைத் தொடலாம். தெரியாத டைல் 40, அதில் எஸ் 2, ப்ளாங்க் 1. எதிராளியின் 7 டைலில் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கும் வாய்ப்பு 45 சதவீதம். அந்த இடத்தில் அவர் சாதாரணமாக எடுப்பதைவிட 20 கூடுதலாக எடுப்பார் என்றால் கழிவு 9 புள்ளி. மூவ் மற்றதைவிட 15 அதிகம் தருகிறதா, தயங்காமல் போடுங்கள். 5 அதிகமா, வேண்டாம். எஸ் உங்கள் கையிலேயே இருந்தால் கணக்கு பாதியாகக் குறையும், அந்த இடம் உங்களுக்கும் சொந்தம்.

பைக்குள்நூறு எழுதியது:

மேலே சொன்னதில் ஒரே ஒரு சேர்க்கை. அந்த ரேக்கில் நைட்டரி என்று ஆறெழுத்து ஒன்று இருக்கிறது (என்-ஐ-டி-ஈ-ஆர்-ஒய், இரவு விடுதி). ஒய்யை அதே டபுள் லெட்டரில் வைத்தால் (8 + 5) × 2 = 26. ஏ ஒன்றுதான் மிஞ்சும். நடுக்கட்டத்துக்கு இருபுறமும் என்னும் டியும் வருவதால் அந்த உயிரெழுத்துப் பிரச்சினையும் இல்லை, முன்னும் பின்னும் எதுவும் ஒட்டாது. மிச்சத்தில் ரெய்னியைவிட ஓரிரு புள்ளி குறைவு, ஆனால் ஒரு டைல் கூடுதலாக இழுக்கலாம். நான் நைட்டரிதான் போடுவேன்.

டைல் கூடுதலாக இழுப்பது ஏன் முக்கியம்: பையில் ஆட்டத்தைத் திருப்பும் டைல் 10. இரண்டு ப்ளாங்க், நான்கு எஸ், ஜே, க்யூ, எக்ஸ், இசட். இருவரும் சமமாக இழுத்தால் ஆளுக்கு 5. முறைக்கு ஒரு டைல் அதிகமாக இறக்குபவர் ஆட்ட முடிவில் பத்துப் பன்னிரண்டு டைல் கூடுதலாகப் பார்த்திருப்பார், அதில் ஒன்றாவது இந்தப் பத்தில் ஒன்றாக இருக்கும். மற்றதெல்லாம் சமம் என்றால் நீளமாகப் போடுங்கள். விதிவிலக்கு: ரேக்கில் ஈ, ஆர், எஸ், டி மாதிரி நல்ல நான்கு இருக்கிறது, கூட மூன்று உருப்படாதது. அப்போது அந்த உருப்படாததை மட்டும் 15, 18 புள்ளிக்குக் கழற்றிவிடுவது நீளமான 22ஐவிட மேல்.

ப்ளாங்க் கேள்வி. ப்ளாங்க் வைத்துப் போடும் சிறந்த மூவையும் ப்ளாங்க் இல்லாமல் போடும் சிறந்த மூவையும் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் 25க்கு மேல் இருந்தால் செலவழியுங்கள். பிங்கோ என்றால் அனேகமாக எப்போதும் இந்தத் தேர்வில் தேறிவிடும்; 50 போனஸ் அதற்குத்தானே. இசட்டை ட்ரிபிள் லெட்டரில் வைத்து 31 வருகிறது, ஆனால் ப்ளாங்க் தேவை. ப்ளாங்க் இல்லாமல் 20 வருகிறது என்றால் 20ஐப் போடுங்கள். இன்னொரு பக்கம், "இன்னும் பெரிய பிங்கோ வரும்" என்று 62 புள்ளி பிங்கோவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது சுத்த வீண்.

எஸ்ஸுக்கும் இதே தராசு, எல்லை 8 முதல் 10. இரண்டு எஸ் இருந்தால் இரண்டாவது எஸ் அத்தனை மதிப்பில்லை, 5, 6 கூடுதல் கிடைத்தாலே விட்டுவிடலாம். பை காலியாகும் நேரத்தில் இரண்டின் மதிப்பும் இறங்கிக்கொண்டே வரும்; கடைசியில் ப்ளாங்க் என்பது எந்த எழுத்தாகவும் ஆடி முதலில் கை காலி செய்ய உதவும் டைல், அவ்வளவுதான். 25 என்ற எண்ணைப் பையில் 5 டைல் இருக்கும்போதும் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்.

க்யூ. ஒரு விதியை மறக்கக் கூடாது: பையில் 7 டைலாவது இருந்தால்தான் எக்ஸ்சேஞ்ச். 6 ஆகிவிட்டால் கதவு அடைபட்டது. பிறகு கையில் க்யூ மிஞ்சி எதிராளி முதலில் முடித்தால் 20 புள்ளி வித்தியாசம்: வட அமெரிக்க முறையில் உங்கள் மிச்சத்தின் இரு மடங்கு அவருக்கு, வேறு சில முறைகளில் 10 உங்களிடம் கழித்து 10 அவருக்குக் கூட்டல். எனவே பையில் 9, 10 டைல் இருக்கும் முறையிலேயே முடிவெடுக்க வேண்டும். அப்போது பார்க்க வேண்டியவை: போர்டில் க்யூ-ஐ போட இடம் இருக்கிறதா, ஐ எத்தனை பாக்கி, யூ நான்கில் எத்தனை போயிற்று, யூ இல்லாத வார்த்தைகளில் (காட் என்று சொல்லும் க்யூ-ஏ-டி, ஃபக்கீர், நிகாப் போன்றவை) எதற்காவது போர்டில் எழுத்து தயாராக நிற்கிறதா. இடம் இருந்தால் வைத்திருக்கலாம். இல்லையென்றால் அந்த முறையே மாற்றிவிடுங்கள். 15 புள்ளி மூவை விடுவது வலிக்கும், ஆனால் 20 வித்தியாசமும் கடைசி இரண்டு மூன்று முறை ஆறு டைலோடு ஆடும் இடைஞ்சலும் அதைவிடப் பெரிது.

க்யூ வரும் என்று ஆரம்பத்திலிருந்தே யூவைச் சேர்த்து வைப்பது வேறு ரகம். க்யூ எதிராளிக்குப் போக அதே அளவு வாய்ப்பு, யூவோ எல்லா முறையும் உங்கள் ரேக்கை அடைத்துக்கொண்டிருக்கும்.

டைல் எண்ணுவதைக் கேட்கவில்லை, ஆனால் இது இல்லாமல் மேலே சொன்ன பாதி நடக்காது. நூறு எழுத்தும் அச்சிட்ட தாளை வைத்துக்கொண்டு போர்டில் இறங்கியதை அடித்துக்கொண்டே வாருங்கள். உங்கள் மூவைப் போட்டு கடிகாரத்தை அழுத்திய பிறகு, எதிராளியின் நேரத்தில் அடிக்க வேண்டும். தெரியாத டைல் 20 ஆனதும் உயிர், மெய் எண்ணிக்கை பாருங்கள். 14 பாக்கி, அதில் 10 உயிர் என்றால் மெய்யைப் பிடித்து வையுங்கள், உயிர் தானாக வரும்.

புதுக்கட்டம் எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. 32க்கும் 24க்கும் போட்ட கணக்கு தெளிவாகப் புரிந்தது. மூன்றாவது கேள்வி பாக்கி. 70 முன்னணியில் போர்டை மூடுவது பற்றி. கூடவே ஒன்று: எதிராளி போட்டது வார்த்தையே இல்லையோ என்று சந்தேகம் வந்தால் சேலஞ்ச் செய்வதற்கும் இப்படி எண் வைக்க முடியுமா?

கடைசிடைல் எழுதியது:

70 முன்னணி, பையில் 20. எதிராளியின் 7, உங்களுடைய 7 சேர்த்தால் 34 டைல் ஆட வேண்டியிருக்கிறது. ஒரு மூவுக்கு நாலரை டைல் என்றால் ஏழெட்டு மூவ், அவருக்கு அதிகபட்சம் 4. நல்ல ஆட்டக்காரர் ஆட்டத்துக்கு 2 பிங்கோ போடுகிறார் என்றால் முறைக்கு ஆறில் ஒன்று. நான்கு முறையில் ஒரு பிங்கோவாவது விழும் வாய்ப்பு 52 சதவீதம். ஆனால் ஒரு பிங்கோ சாதாரண மூவைவிடச் சுமார் 40 மட்டுமே கூடுதல். 70 முன்னணி அதைத் தாங்கும். நீங்கள் பயப்பட வேண்டியது இரண்டாவது பிங்கோவுக்கு. அதனால் 70இல் பதறி ஒவ்வொரு மூவிலும் 15, 20 புள்ளியை விட்டுக்கொடுத்து மூடுவது தேவையில்லாத வேலை. அப்படி மூடியே முன்னணியைக் கரைப்பவர்கள் நிறைய. 6 டைல் இறக்கி 28 எடுக்கும் மூவும் தற்காப்புதான், ஆட்டத்தை ஒரு முறை சுருக்குகிறது. மூடுவது உயிர்நாடியாவது 30, 40 முன்னணியில், பையில் 10 சொச்சம் இருக்கும்போது.

விலையும் போட்டுவிடலாம். பிங்கோ போட ஒரே ஒரு வழிதான் பாக்கி, அதை நீங்கள் அடைத்தால் மிச்சமாவது ஆறில் ஒரு பங்கு × 40, முறைக்கு 7 புள்ளி. அவருக்கு இன்னும் இரண்டு முறை இருந்தால் 13, 14. அவ்வளவுக்குள் அடைக்கலாம். இரண்டு வழி திறந்திருக்கும்போது ஒன்றை அடைத்தால் பலன் பாதிகூட இல்லை, அவர் மற்றதில் இறங்குவார்.

கையால் செய்வது இதுதான். முதலில் வழிகளை எண்ணுங்கள். வழி என்றால் இரண்டு வகை: எஸ் போல ஏதோ ஓர் எழுத்து ஒட்டும் நுனி, அங்கிருந்து குறுக்கே ஏழு கட்டம் காலி, அல்லது தனியாக நீட்டி நிற்கும் ஆர், டி, ஈ மாதிரி எழுத்து, அதன் வழியாக எட்டெழுத்து இறக்க இடம். முதல் வகையை அடைக்க அந்த நுனியை நீங்களே எடுத்து நீட்டிவிடுங்கள், நீட்டிய பின் எதுவும் ஒட்டாத வார்த்தையாக. இரண்டாவது வகைக்கு அந்த எழுத்தின் பக்கத்தில் இரண்டு, மூன்று டைலைக் குறுக்கே வைத்தால் போதும்.

இதற்கு வி அருமையான ஆயுதம். வி உள்ள இரண்டெழுத்து வார்த்தை வட அமெரிக்கப் பட்டியலிலும் இல்லை, உலகப் போட்டிகளுக்கான காலின்ஸ் பட்டியலிலும் இல்லை. வியை ஒட்டி இணையாக யாராலும் எளிதில் போட முடியாது, அந்தப் பகுதியே செத்துப்போகும். சியும் வட அமெரிக்கப் பட்டியலில் அப்படித்தான். காலின்ஸில் சி-ஹெச் ஒன்று இருக்கிறது. இதே காரணத்தால் பின்தங்கி இருப்பவர் நடுப்போர்டில் வியை வைத்தால் தன் கழுத்தைத் தானே இறுக்கிக்கொள்கிறார் என்று பொருள்.

பின்தங்கியிருந்தால் எல்லாம் தலைகீழ். 60 பின்னால் என்றால் வழி ஒன்றைத் திறக்காதீர்கள், இரண்டைத் திறங்கள். ஒன்றை அவர் அடைப்பார், அடைக்க ஒரு முறை அவருக்குச் செலவு, மற்றதில் நீங்கள் இறங்கலாம். அந்த நேரத்தில் 8 புள்ளி கூடுதலுக்காக ரேக்கைக் கெடுத்துக்கொள்ளவும் கூடாது. 60இல் தோற்பதும் 52இல் தோற்பதும் ஒன்றே.

எதிராளியின் ரேக்கை வாசிப்பதும் இங்கே வரும். ஒன்று அல்லது இரண்டு டைல் மட்டும் எக்ஸ்சேஞ்ச் செய்கிறாரா, இரண்டு டைலை 9 புள்ளிக்கு இறக்கிவிட்டு ஐந்தை வைத்திருக்கிறாரா, அது பிங்கோவுக்குத் தூண்டில். அப்போது அந்த ஆறில் ஒன்று என்ற எண் மூன்றில் ஒன்று, சில சமயம் அதற்கும் மேல். அடைப்பதற்கான விலையையும் அதற்கேற்ப உயர்த்துங்கள்.

பை காலியான பிறகு புள்ளி மதிப்பீடு எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு நேர்க்கணக்கு போடுங்கள், தாளில் அடிக்காமல் மிஞ்சியதுதான் அவர் ரேக். உதாரணம்: அவரிடம் வி, ஜி, ஐ, யூ (மொத்தம் 8). உங்களிடம் நான்கு டைல். ஒரு மூவ் 24 தருகிறது, இரண்டு டைல் மிஞ்சும். இன்னொரு மூவ் 15, ஆனால் நான்கும் இறங்கி ஆட்டம் முடிகிறது. இரண்டாவதில் 15 + 16 = 31 உங்கள் பக்கம். முதலாவதில் நீங்கள் 24. அவர் மூன்று டைலை 14க்குப் போட்டு ஐயை மட்டும் வைத்திருப்பார். நீங்கள் மிச்ச இரண்டை 5க்குப் போட்டு முடித்தால் இன்னும் 2. 24 − 14 + 5 + 2 = 17. அதிகப் புள்ளி மூவ் 14 புள்ளி நஷ்டம். வியும் ஜியும் மாட்டிக்கொண்டிருக்கும் ஆளுக்கு இன்னொரு முறை கொடுத்ததுதான் அந்த 14.

பையில் 1 அல்லது 2 மட்டும் பாக்கி இருக்கும் நிலை இன்னும் சிக்கல். பொதுவாக, பையைக் காலி செய்பவர் கடைசிக் கட்டத்தின் முதல் மூவை எதிராளிக்குக் கொடுக்கிறார். க்யூ இன்னும் வெளிவராமல், உங்களிடமும் இல்லாமல் இருந்தால் ஒரு டைலைப் பையில் விட்டுவைப்பது நல்லது, அது அவர் தலையில் விழட்டும். ஆனால் க்யூ அவர் ரேக்கிலேயே இருக்க வாய்ப்பு எட்டில் ஏழு என்பதால், முதல் வேலையாகப் போர்டில் க்யூ-ஐ போடக்கூடிய கட்டத்தை அடையுங்கள்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். ஆளுக்கு 25 நிமிடம், தாண்டினால் நிமிடத்துக்கு 10 புள்ளி அபராதம். முதல் ஐந்தாறு மூவை ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்குள் முடித்துக் கடைசிக்கு 7, 8 நிமிடம் வைத்திருங்கள். ரெய்னியா நைட்டரியா என்று 4 நிமிடம் யோசிப்பது ஆகாது.

சேலஞ்ச்: எந்த விதியில் ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து எண் தலைகீழாக மாறும். வட அமெரிக்க முறையில் நீங்கள் சேலஞ்ச் செய்த வார்த்தை சரியாக இருந்துவிட்டால் உங்கள் முறை போய்விடும், அதாவது 35 புள்ளி நஷ்டம். அவர் போட்டது 30 புள்ளி மூவ் என்றால், வார்த்தை தப்பு என்று 54 சதவீதமாவது நம்பினால்தான் கையைத் தூக்கலாம் (35 / 65). சேலஞ்ச் தப்பானால் 5 புள்ளி மட்டும் அபராதம் என்ற முறையில் அதே மூவுக்கு 14 சதவீதச் சந்தேகமே போதும் (5 / 35). போலி வார்த்தையைத் துணிந்து போடுவதற்கும் இதே கணக்குதான். வட அமெரிக்க முறையில் கொஞ்சம் வாய்ப்பு உண்டு, 5 புள்ளி முறையில் அனேகமாகக் கிடையாது.

மூன்றுமடங்கு எழுதியது:

சேலஞ்சில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். போலி பிடிபட்டால் அவர் டைல்களைத் திரும்ப எடுக்கிறார், ஆனால் அவை என்ன என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தெழுத்துப் போலி என்றால் ஏழில் ஐந்து தெரியும். அடுத்த மூவை அதைப் பார்த்தே போடலாம்: அந்த ஐந்தும் எந்த நுனியில் ஒட்டும் என்று பார்த்து அதை அடையுங்கள். 54 என்ற எல்லை இதனால் இன்னும் சற்று இறங்கும்.

பைக்குள்நூறு எழுதியது:

ஆடி முடித்த ஆட்டங்களை க்வாக்கிளில் ஏற்றிப் பாருங்கள். இலவசம், 2006இல் டொரன்டோவில் முன்னாள் உலகச் சாம்பியன் டேவிட் பாய்ஸை வென்ற மென்பொருள் அதுதான். செய்ய வேண்டியது: உங்கள் ரேக்கையும் போர்டையும் கொடுத்து மூவ்களை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். முதல் பட்டியல் புள்ளியையும் மிச்சத்தையும் மட்டும் கூட்டியது, போர்டைப் பெரிதாகப் பார்க்காது. அதில் மேலே உள்ள ஐந்தாறு மூவையும் நீங்கள் போட்டதையும் தேர்ந்தெடுத்து இரண்டு மூவ் ஆழத்துக்கு சிமுலேஷன் ஓடவிடுங்கள், 500 முறையாவது. முதல் இரண்டு மூவ்களுக்கிடையே ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசம் இருந்தால் அதை வைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 5 புள்ளிக்கு மேல் நீங்கள் இழந்த இடங்களை மட்டும் குறித்து, அது மிச்சத்தில் போனதா, திறந்துவிட்ட இடத்தில் போனதா, வார்த்தை தெரியாமல் போனதா என்று பிரித்து எழுதுங்கள். பையில் 15க்குக் கீழே வந்துவிட்டால் புள்ளிப் பத்தியை விட்டுவிட்டு வெற்றி சதவீதப் பத்தியைப் பாருங்கள், இரண்டும் வேறு மூவைக் காட்டுவது அங்கேதான் தொடங்கும்.